வேர் முடிச்சுக்குள் ஒரு பண்டமாற்று

செடி தழைக்க நைட்ரஜன் வேண்டும். காற்றில் ஏறத்தாழ 78 விழுக்காடு நைட்ரஜன்தான். ஆனால், அதை எந்தச் செடியாலும் தானாக எடுத்துக்கொள்ள முடியாது. அதனால்தான் கடையில் யூரியா வாங்க வேண்டியிருக்கிறது.

பயற்றங்காய், நிலக்கடலை, சோயா போன்ற பயறு வகைகளின் நிலை வேறு. இவற்றின் வேரில் மிளகளவு முடிச்சுகள் காணப்படும். அவை ரைசோபியம் எனப்படும் பாக்டீரியாக்களின் குடியிருப்பு. ஜெர்மானிய அறிஞர்கள் ஹெல்ரீகலும் வில்ஃபார்த்தும் 1888இல் இந்த உண்மையை விளக்கினர்.

வேர் முதலில் சில இரசாயனங்களைக் கசியவிட்டு அழைப்பு விடுக்கிறது. மண்ணிலுள்ள பாக்டீரியா பதில் சமிக்ஞை தந்து வேர்த்தூவி வழியாக உள்ளே நுழைகிறது. பிறகு பண்டமாற்று தொடங்குகிறது. இலையில் தயாரான சர்க்கரைச் சத்தைச் செடி தருகிறது. காற்றிலுள்ள நைட்ரஜனை அம்மோனியாவாக மாற்றி பாக்டீரியா தருகிறது. வேலை செய்யாமல் உண்பவர்களுக்கு அங்கே இடமில்லை. நைட்ரஜன் தராத முடிச்சுக்குச் சோயாச் செடி பிராணவாயுவைக் குறைத்துவிடுவதாக 2003இல் வெளியான ஆய்வு காட்டியது.

மலேசியத் தோட்டங்களில் ரப்பர், செம்பனைக் கன்றுகளுக்கிடையே பியூராரியா, கலப்பகோனியம் போன்ற கொடிகளைப் படரவிடுவதற்கு இதுவும் ஒரு காரணம். அக்கொடிகள் மண் அரிப்பைத் தடுக்கின்றன. அவற்றின் தழை மட்கும்போது நைட்ரஜன் மண்ணில் சேர்ந்து கன்றுகளுக்கும் கிடைக்கிறது.

வீட்டுத் தோட்டத்தில் பயறு நடுவோர் இதைக் கவனிக்க வேண்டும். யூரியாவை அள்ளிப் போட்டால் செடிக்குக் கூட்டாளி தேவைப்படாது, முடிச்சுகள் குறைந்துவிடும். செலவும் வீண், இலவசமாகக் கிடைத்ததும் போச்சு.

முடிச்சு வேலை செய்கிறதா என்று அறிவது எளிது. பூக்கும் பருவத்தில் ஒரு செடியைத் தோண்டி எடுத்து, முடிச்சை நகத்தால் பிளந்து பார்க்கலாம். உள்ளே இளஞ்சிவப்பாக இருந்தால் நல்லது. இரத்தத்திலுள்ள ஹீமோகுளோபினைப் போன்ற ஒரு பொருளே அந்நிறத்தைத் தருகிறது. வேரோடு ஒட்டியிருக்கும் இம்முடிச்சு எளிதில் உதிரும். உதிராமல் வேரே வீங்கியிருந்தால், அது நூற்புழு நோயாக இருக்கலாம்.

அறுவடைக்குப் பின் செடியைப் பிடுங்கி எறியாமல் அடியோடு வெட்டிவிட்டு, வேரை மண்ணிலேயே விடுவது நல்லது. அதில் மிஞ்சிய சத்து அடுத்து நடும் கீரைக்கு உதவும்.