காற்றின் வேகமும் எண்ணெயின் நிதானமும்

சைக்கிள் பம்பின் வாயை விரலால் அடைத்துக்கொண்டு கைபிடியை அமுக்கிப் பாருங்கள். சிறிது தூரம் உள்ளே போகும். விட்டதும் திரும்பி வரும். காற்று சுருங்கும், விரியும். எண்ணெயோ அப்படிச் சுருங்காது. உழவு இயந்திரத்தின் கலப்பையைத் தூக்கிப் பிடித்திருப்பதும் எண்ணெய்தான். இந்த வேறுபாடு விளங்கினால், பட்டறை இயந்திரங்களின் பலமும் ஆபத்தும் விளங்கும். வயலை விட்டு வந்து பட்டறைத் தொழில் பழகும் பிள்ளைகளும் அவர்களின் பெற்றோரும் இதனை அறிந்திருப்பது நல்லது.

கொம்பிரசரிலிருந்து வரும் காற்று, உருளையினுள் இருக்கும் முசலத்தைத் தள்ளுகிறது. அதன் பலம் காற்றின் அமுக்கத்திலும் முசலத்தின் பரப்பிலும் தங்கியுள்ளது. 10 சென்ரிமீற்றர் விட்டமுள்ள முசலத்தின் பரப்பு ஏறக்குறைய 78 சதுர சென்ரிமீற்றர். சதுர சென்ரிமீற்றருக்கு 6 கிலோ அமுக்கம் கொடுத்தால், தள்ளும் பலம் ஏறக்குறைய 470 கிலோ. அதாவது, 50 கிலோ பசளை மூடைகள் ஒன்பதின் பாரத்திலும் அதிகம்.

பலம் இருந்தாலும் காற்றுக்கு நிதானம் இல்லை. இரும்பில் துளை போடும் அலகைக் காற்றுருளை தள்ளுகிறது என்று வைத்துக்கொள்வோம். இரும்பு எதிர்க்கும்வரை காற்று அமுங்கியிருக்கும். துளை மறுபக்கம் வெளிப்பட்டதும் எதிர்ப்புக் குறையும். காற்று சட்டென விரியும். அலகு பாய்ந்து முறிந்துவிடும்.

இதற்குப் பரிகாரமாக எண்ணெய் உருளையொன்றைக் கூடவே இணைக்கிறார்கள். முசலம் நகர வேண்டுமானால், எண்ணெய் ஒரு சிறு வால்வினூடாகக் கசிந்து செல்ல வேண்டும். துருசு திறந்த அளவுக்கே குளத்து நீர் பாய்வதுபோல, வால்வு விட்ட அளவுக்கே முசலம் நகரும். தள்ளுவது காற்று, கடிவாளம் எண்ணெய்.

இன்னொரு முறையும் உண்டு. 10 சென்ரிமீற்றர் காற்று முசலம், 2 சென்ரிமீற்றர் தண்டினால் எண்ணெயை அமுக்கினால், எண்ணெயின் அமுக்கம் 25 மடங்காகும். 6 கிலோ 150 கிலோவாகிவிடும். ஆனால் எதுவும் சும்மா கிடைப்பதில்லை: பலம் கூடிய அளவுக்கு நகரும் தூரம் குறையும்.

கவனிக்க வேண்டியவை:

1. கொம்பிரசரை நிறுத்தினாலும் தாங்கியிலும் குழாய்களிலும் காற்று இருக்கும். கை வைக்குமுன் காற்றை வெளியேற்றி, மானி பூச்சியத்துக்கு வந்ததைப் பாருங்கள். தூக்கிய பாரத்துக்கு முட்டுக் கொடுங்கள்.

2. தாங்கியின் அடியில் சேரும் தண்ணீரை நாள்தோறும் வடியுங்கள். துருப்பிடித்து மெலிந்த தாங்கி வெடிக்கும்.

3. காற்றுக்குப் பதிலாக ஒட்சிசனை ஒருபோதும் பாவிக்க வேண்டாம். எண்ணெயுடன் சேர்ந்தால் தீப்பற்றி வெடிக்கும்.

4. எண்ணெய்க் கசிவை விரலால் தடவிப் பார்க்க வேண்டாம். உயர் அமுக்க எண்ணெய் தோலைத் துளைத்து உள்ளே போகும். காயம் ஊசி குத்தியதுபோலத் தெரிந்தாலும் உடனே ஆசுபத்திரிக்குப் போங்கள்.

வேலை அவசரம் என்று முதலாளி சத்தம் போடலாம். காற்றைத் திறந்துவிட ஒரு நிமிடம் போதும். போன விரல் திரும்பி வராது.