ரயிலை நிறுத்தும் மணல்

2010-ஆம் ஆண்டு நவம்பர் 8-ஆம் நாள் இங்கிலாந்தில் ஒரு நிகழ்ச்சி. லண்டனிலிருந்து ஹேஸ்டிங்ஸ் நகருக்குச் சென்ற பயணிகள் ரயில் ஸ்டோன்கேட் என்னும் சிறு நிலையத்தில் நிற்க வேண்டும். ஓட்டுநர் பிரேக் போட்டார். பின்னர் அவசர பிரேக்கும் இயங்கியது. ஆயினும் ரயில் நிலையத்தைத் தாண்டி வழுக்கிச் சென்று, ஏறத்தாழ 4 கிலோமீட்டருக்கு அப்பால்தான் நின்றது. நல்லவேளையாக யாருக்கும் காயமில்லை.

பிரேக் போட்டும் ரயில் நிற்காதது ஏன்?

பிரேக் சக்கரத்தின் சுழற்சியைத்தான் தடுக்கும். ரயிலை நிறுத்துவது சக்கரத்திற்கும் தண்டவாளத்திற்கும் இடையேயுள்ள உராய்வு. இரண்டும் எஃகு. அவை தொட்டுக்கொள்ளும் இடமோ ஒரு சிறு நாணயத்தின் அளவுதான்!

உலர்ந்த தண்டவாளத்தில் உராய்வுக் குணகம் பொதுவாக 0.2-க்கு மேல் இருக்கும். வழக்கமான பிரேக்குக்கு 0.1 இருந்தாலே போதும். ஆனால் இங்கிலாந்தில் இலையுதிர் காலத்தில், தண்டவாளத்தில் விழும் இலைகளைச் சக்கரங்கள் நசுக்குகின்றன. பனியும் தூறலும் சேர, அது வழுவழுப்பான கரிய படலமாக ஒட்டிக்கொள்கிறது. அப்போது குணகம் 0.02 அளவுக்கும் இறங்கிவிடலாம். பெருமழை தண்டவாளத்தைக் கழுவிவிடும், தூறல்தான் தொல்லை.

ஒரு கணக்குப் போடுவோம். சமதளப் பாதையில் எல்லாச் சக்கரங்களிலும் பிரேக் பிடிப்பதாகக் கொள்க.

நிற்கும் தூரம் = வேகத்தின் வர்க்கம் ÷ (2 × உராய்வுக் குணகம் × புவியீர்ப்பு முடுக்கம்)

ரயிலின் எடை இதில் இல்லை என்பதைக் கவனியுங்கள். வேகம் மணிக்கு 90 கி.மீ., அதாவது வினாடிக்கு 25 மீட்டர். புவியீர்ப்பு முடுக்கம் 10 எனக் கொண்டால், குணகம் 0.1 ஆகும்போது தூரம் சுமார் 312 மீட்டர். 0.02 ஆகும்போது 1,560 மீட்டருக்கும் மேல்!

இங்கேதான் மணல் உதவுகிறது. பெட்டியிலுள்ள உலர்ந்த மணலை, அழுத்தப்பட்ட காற்று ஒரு குழாய் வழியாகச் சக்கரத்திற்குச் சற்று முன்னால் தண்டவாளத்தில் தூவுகிறது. கடினமான மணல் துகள்கள் சக்கரத்தின் அடியில் நொறுங்கி, படலத்தைக் கிழித்து, சக்கரத்திற்குப் பிடிப்பைத் தருகின்றன. ஈர மணல் குழாயை அடைத்துவிடும். அதனால்தான் பல நீராவி எஞ்சின்களில் மணற்பெட்டியைக் கொதிகலனின் மேலேயே வைத்தார்கள். அந்தச் சூட்டில் மணல் காய்ந்தே இருக்கும். நம் நாட்டு எஞ்சின்களிலும் மணற்பெட்டி உண்டு.

இன்றைய ரயில்களில், வழுக்கும் சக்கரத்தை உணர்ந்து பிரேக்கைத் தளர்த்தி, மீண்டும் இறுக்கும் மின்னணுக் கருவி உள்ளது. இருக்கும் உராய்வை அது நன்கு பயன்படுத்தும்; இல்லாத உராய்வை மணல்தான் கொண்டுவர வேண்டும்.

அப்படியானால் மணலை அள்ளிக் கொட்டலாமா? கூடாது. பல பாதைகளில் தண்டவாளம் வழியாகச் சிறு மின்னோட்டம் பாய்கிறது. ரயிலின் சக்கரங்கள் இரு தண்டவாளங்களையும் இணைப்பதைக் கொண்டே, அங்கு ரயில் நிற்பதை சிக்னல் அறிகிறது. மணல் மின்சாரத்தைக் கடத்தாது. அளவு மீறினால், ரயில் நிற்கும் பாதையே காலியாக இருப்பதாக சிக்னல் காட்டிவிடலாம்!

ஸ்டோன்கேட்டில் நடந்தது என்ன? ரயிலின் முன்பகுதி மணற்பெட்டிகளில் மணல் இல்லை என்பது ஏறக்குறைய உறுதி என விசாரணையாளர்கள் கண்டனர். எனவே பெட்டியை நிரப்பிச் சரிபார்ப்பதும் பிரேக்கைச் சோதிப்பதைப் போலவே முக்கியமானது.

மாணவர்களே, மேலே உள்ள ரயிலின் வேகம் பாதியானால், 0.02 குணகத்தில் அது எவ்வளவு தூரத்தில் நிற்கும்? கணக்கிட்டுப் பாருங்கள். வழுக்கும் காலத்தில் ஓட்டுநர்கள் முன்கூட்டியே வேகத்தைக் குறைப்பது ஏன் என்பது விளங்கும்.