பசும்புல்லின் அடியில்

பட்டு நெசவுக்குப் பேர்பெற்ற ஊர், நம் திருவண்ணாமலை மாவட்டத்து ஆரணி. அங்கே 1950-ஆம் ஆண்டு பிறந்து, இயேசு சபையாரின் சென்னை இலயோலா கல்லூரியில் பயின்றவர் வாசுதேவன் பாஸ்கரன். அவர் தலைமையில் 1980-இல் மாஸ்கோ ஒலிம்பிக்கில் இந்திய ஹாக்கி அணி தங்கம் வென்றது. அவ்வெற்றி, மண்ணில் முளைத்த புல்லின்மீது பெற்றதன்று. செயற்கைப் புல்தரைமீது பெற்றதாகும். ஒலிம்பிக் ஹாக்கி முதன்முறையாக அத்தகைய தரையில் நடைபெற்ற 1976-இல், மாண்ட்ரியல் நகரில், நம் அணி ஏழாம் இடத்தையே பெற்றிருந்தது.

இன்று அத்தரை நம் சிறு நகரங்களுக்கும் வந்துவிட்டது. மாலை வேளைகளில் நம் பிள்ளைகள் அதில் ஓடி விளையாடக் காண்கிறோம். அது அமைக்கப்படும் விதத்தைப் பெற்றோர் அறிந்திருத்தல் நலம்.

அமெரிக்காவின் ஹூஸ்டன் நகரில், கூரையிட்ட அரங்கொன்றில் வெயிலின்றிப் புல் மடிந்தமையால், 1966-இல் நைலான் புல் விரிக்கப்பட்டது. இம்முறை அதன்பின்னரே உலகெங்கும் பரவிற்று. இக்காலத்து இழைகள் பெரும்பாலும் பாலிஎத்திலீனால் ஆனவை.

முதலில் மண்ணை இறுக்கி, நீர் வடியச் சிறிது சரிவு கொடுப்பர். அதன்மேல் சரளைக்கல் பரப்புவர். ஹாக்கித் தரையாயின் அதற்கும் மேல் தார்க்கலவை இடுவர். அடுத்து, விழுவோரைக் காக்கும் ரப்பர் மெத்தை. இறுதியில்தான் புல்விரிப்பு. கம்பளம் செய்வதுபோல, நெய்த துணியில் இழைகளைக் குத்திக் கோத்து, அடிப்புறம் பசை பூசி, நீர் இறங்கத் துளையிட்டிருப்பர். கால்பந்துத் தரையில் இழைகள் நிமிர்ந்து நிற்க மணலும், பழைய டயரை அரைத்த துகளும் தூவுவர். ஹாக்கித் தரையின் குட்டை இழைகளுக்கோ, பந்து சீராக ஓடும்பொருட்டு, நீர் தெளிப்பர்.

மெத்தையை விட்டுவிட்டாலும் மேற்புறத்தில் வேறுபாடு தோன்றாது. விழும் பிள்ளைக்கே அது தெரியும்.

மேலும், உயிர்ப்புல் நீரை ஆவியாக்கித் தன்னைக் குளிர்வித்துக்கொள்ளும். பிளாஸ்டிக் இழைக்கு அவ்வாற்றல் இல்லை. சித்திரை வெயிலில் கிரிவலப் பாதையில் வெறுங்காலுடன் நடப்போர் உணரும் சூட்டை, நண்பகலில் இத்தரையிலும் உணரலாம். ரப்பர்த் துகள்களோ மழைநீரோடு சென்று மண்ணில் கலக்கின்றன. ஆகவே 2031 முதல் அவற்றின் விற்பனையைத் தடுக்க ஐரோப்பிய ஒன்றியம் 2023-இல் சட்டம் இயற்றியது.

பாறைமீது வீடு கட்டியவனை நம் ஆண்டவர் அறிவாளி என்றார். அவனுடைய அறிவு, கண்ணுக்குப் புலப்படாத அடித்தளத்திலேயே விளங்கிற்று. பள்ளியிலோ பங்கிலோ களம் அமைக்க முனைவோரும், பச்சையின் அழகைக் காணுமுன், மெத்தை உண்டா, நீர் வடியுமா, துகள் வெளியேறாதா என வினவுவாராக. அவற்றிற்குப் பொருள் போதாதெனில், கல் பொறுக்கிச் சமன்செய்த மண் தரையும், அதன் ஓரத்தில் நாலைந்து வேப்பமரங்களும் நம் சிறுவர்க்குப் போதும்.