காற்றில் இருந்து உரம்! வழி காட்டியது மூன்று வரிக் கணக்கு

வயலுக்குப் போடும் யூரியா அம்மோனியாவில் இருந்து தயாராகிறது. அந்த அம்மோனியா எப்படிக் கிடைக்கிறது? காற்றில் உள்ள நைட்ரஜனை ஹைட்ரஜனுடன் சேர்த்துச் செய்கிறார்கள்.

கேட்பதற்குச் சுலபம். ஆனால், இரண்டையும் சேர்த்தால் கொஞ்சம்தான் அம்மோனியா ஆகும். மீதி அப்படியே இருக்கும்!

என்ன காரணம்?

ஒரு பக்கம் அம்மோனியா உண்டாகிறது. மறுபக்கம் அதுவே உடைந்து, பழையபடி நைட்ரஜனும் ஹைட்ரஜனும் ஆகிறது. இரண்டும் ஒரே வேகத்தில் நடக்கும்போது அளவு மாறாது. இதுதான் "ரசாயனச் சமநிலை".

கடைக் கணக்கு போல...

அப்போது எது எவ்வளவு இருக்கும்? கடையின் இருப்புக் கணக்கு போல மூன்று வரி எழுதினால் போதும்.

பழத்தை டஜன் கணக்கில் எண்ணுவது போல, வாயுவை "மோல்" கணக்கில் எண்ணுவார்கள். 1 மோல் நைட்ரஜன், 3 மோல் ஹைட்ரஜனுடன் கூடினால் 2 மோல் அம்மோனியா கிடைக்கும்.

1 லிட்டர் பாத்திரத்தில் 1 மோல் நைட்ரஜனும், 3 மோல் ஹைட்ரஜனும் விடுவதாக வைத்துக்கொள்ளுங்கள். சமநிலை வந்ததும் அளந்தால் அம்மோனியா 0.4 மோல். இனி எழுதுங்கள்:

ஆரம்பம்: நைட்ரஜன் 1, ஹைட்ரஜன் 3, அம்மோனியா 0.
மாறுதல்: நைட்ரஜன் 0.2 குறைவு, ஹைட்ரஜன் 0.6 குறைவு, அம்மோனியா 0.4 கூடுதல்.
மீதி: நைட்ரஜன் 0.8, ஹைட்ரஜன் 2.4, அம்மோனியா 0.4.

ஒன்றை அளந்தால் மூன்றும் தெரிந்துவிட்டது!

மாறாத எண்

0.4-ஐ 0.4-ஆல் பெருக்கினால் 0.16. ஹைட்ரஜனின் 2.4-ஐ மூன்று தடவை போட்டுப் பெருக்கி, நைட்ரஜனின் 0.8-ஆலும் பெருக்கினால் சுமார் 11.06. முன்னதைப் பின்னதால் வகுத்தால் 0.0145 வரும். இதற்குச் "சமநிலை மாறிலி" என்று பெயர். வாயுக்களைக் கூட்டினாலும் குறைத்தாலும், உஷ்ணம் மாறாத வரை இந்த எண் மாறாது.

ஹேபரின் வெற்றி

ஜெர்மன் விஞ்ஞானி பிரிட்ஸ் ஹேபர், சுமார் 1,000 டிகிரி உஷ்ணத்தில் இந்தச் சமநிலையை அளந்தார். நூற்றில் ஒரு பங்குகூட அம்மோனியா தேறவில்லை! அவர் சொன்ன அளவு தவறு என்று 1907-ல் விஞ்ஞானிகள் கூட்டத்திலேயே வால்தர் நெர்ன்ஸ்ட் மறுத்தார். ஹேபர் மனம் தளரவில்லை. மறுபடியும் அளந்தார்.

கணக்கு வழி காட்டியது. வாயுக்களை அதிக அழுத்தத்தில் வைத்தால் அம்மோனியா கூடும். உண்டான அம்மோனியாவைக் குளிரவைத்து வெளியே எடுத்துவிட்டால், மாறிலியை எட்டும் வரை மேலும் அம்மோனியா உண்டாகும். மிஞ்சிய வாயுவைத் திரும்பவும் உள்ளே செலுத்தலாம்.

1909-ல் ஹேபரின் கருவியில் அம்மோனியா சொட்டுச் சொட்டாக விழுந்தது. கார்ல் பாஷ் அதைப் பெரிய தொழிலாக வளர்த்தார். 1913-ல் ஜெர்மனியில் ஓப்பாவ் என்ற ஊரில் தொழிற்சாலை ஓடத் தொடங்கியது. ஹேபருக்கு 1918-ம் ஆண்டு நோபல் பரிசு கிடைத்தது.

முதல் உலகப் போரில் இதே அம்மோனியா வெடிமருந்துக்கும் போனது. இன்று உலகில் தயாராகும் அம்மோனியாவில் பெரும்பகுதி உரமாகி, வயலுக்குப் போகிறது.