காகிதத்துக்கு உரமூட்டும் நொதிகள்

காகிதத் தாளின் உறுதிக்கு அடிப்படை பசையன்று. நீரில் மிதந்த மரக்கூழின் இழைகள் வலைமீது படிந்து உலரும்போது, அவற்றின் மேற்பரப்பிலுள்ள ஹைட்ராக்சில் தொகுதிகள் ஒன்றையொன்று நெருங்கித் தமக்குள் ஹைட்ரஜன் பிணைப்புகளை உண்டாக்கிக்கொள்வதே அதன் அடிப்படை. ஆதலால் தாளின் வலிமை, தனி இழையின் உறுதியையும் இழைகளுக்கிடையே அமையும் ஒட்டுறவையும் ஒருசேரப் பொறுத்தது. பைன் போன்ற மரங்களின் இழை சுமார் 3 மில்லிமீட்டர் நீளமுடையது. தைல மரத்தின் இழையோ 1 மில்லிமீட்டரையும் எட்டுவதில்லை என்பதால், அதில் ஒட்டுறவின் பங்கு இன்னும் கூடுகிறது.

அந்த ஒட்டுறவை வளர்ப்பதற்காக ஆலைகளில் கூழை வரிப்பள்ளங்கள் கொண்ட உலோகத் தட்டுகளுக்கிடையே செலுத்தி அரைக்கிறார்கள். இழையின் வெளிச்சுவர் உரிந்து, உள்ளிருக்கும் நுண்ணிழைகள் மயிர்போல் வெளிப்பட்டு, இழை நீரை ஏற்றுத் துவள்கிறது; துவண்ட இழைகள் உலரும்போது ஒன்றன்மீது ஒன்று நன்றாகப் படிகின்றன. ஆனால் இவ்வரைவை மின்சாரத்தைப் பெருமளவில் விழுங்குவதோடு, அளவு மீறினால் இழைகளைத் துண்டித்துத் தூளாக்கி, வலையில் நீர் வடிவதையும் தாமதப்படுத்துகிறது. நொதிகள் உதவிக்கு வருவது இந்த இடத்தில்தான்.

உயிரிகள் உருவாக்கும் வினையூக்கிப் புரதங்களே நொதிகள். அவற்றுள், இழைகளின் அடிப்படைப் பொருளான செல்லுலோஸைச் சிதைப்பவற்றுக்குச் செல்லுலேஸ் என்று பெயர். இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் சாலமன் தீவுகளில் அமெரிக்கப் படையினரின் பருத்திக் கூடாரங்களை மக்கச்செய்த பூஞ்சை ஒன்று பிரித்தெடுக்கப்பட்டது. அதை ஆராய்ந்த எல்வின் ரீஸின் நினைவாக டிரைக்கோடெர்மா ரீசி எனப் பின்னர் பெயரிடப்பட்ட அப்பூஞ்சை, இன்று தொழில்துறைச் செல்லுலேஸின் முதன்மை ஊற்றுகளுள் ஒன்று. துணியை அழித்த நொதி தாளுக்கு உரமூட்டுவது முரணாகத் தோன்றலாம். அளவறிந்து இடும்போது அது முரணன்று. செல்லுலேஸ் என்பது பல நொதிகளின் கூட்டு. அவற்றுள் செல்லுலோஸ் மூலக்கூறுச் சங்கிலியின் நுனியிலிருந்து கொறிப்பவற்றை விட, நடுவில் வெட்டும் எண்டோகுளுக்கனேஸ் வகையையே காகிதத் தொழில் பெரிதும் நாடுகிறது. செல்லுலோஸின் ஒழுங்குற அடுக்கப்பட்ட படிகப் பகுதிகளில் எளிதில் நுழைய முடியாத இந்நொதி, சுவரின் ஒழுங்கற்ற பகுதிகளில் ஆங்காங்கே வெட்டி அதைத் தளர்த்துகிறது. தளர்ந்த இழை குறைந்த அரைவையிலேயே நுண்ணிழைகளை வெளிவிடுகிறது.

வெட்டு எவ்வளவு சிறியதாயினும் அது சேதமே என்பதை மறைக்க வேண்டியதில்லை. நொதியின் அளவோ நேரமோ கூடினால் இழையே நலிந்துவிடும் என்பதால், மிதமான சூட்டில் ஓரிரு மணி நேரத்துக்குச் சிறிதளவே இடப்படுகிறது. தாளை உலர்த்தும் உருளைகளின் வெப்பம் எஞ்சிய நொதியைச் செயலிழக்கச் செய்துவிடும். ஒட்டுறவை நம்பியிருக்கும் இழுவலிமை நொதியால் உயரும்போதே, இழையின் உறுதியையும் நீளத்தையும் நம்பியிருக்கும் கிழிவலிமை சரியவும் கூடும். எனவே நொதியிட்ட தாள் வலியது என்று பொதுப்படக் கூறும் விளம்பரம் எதுவாயினும், எந்த வலிமை என்று கேட்ட பின்னரே அதை ஏற்பது தகும்.

மேற்பரப்பு வலிமைக்காகத் தாளின்மீது பூசப்படும் மாவுப்பசையிலும் இதே அளவறிவு வேண்டியிருக்கிறது. காய்ச்சிய மாவு மிகக் கெட்டியாக இருப்பதால் அமிலேஸ் என்னும் நொதி அதன் சங்கிலிகளை வெட்டி இளக்குகிறது. வெட்டு மிகுந்தால் மாவின் பிடிப்பே போய்விடும்.

லாக்கேஸ் இவற்றினின்று வேறுபட்டது. இது வெட்டுவதில்லை, பிணைக்கிறது. 1883இல் ஜப்பானியரான யோஷிதா அரக்கு மரத்தின் பாலில் கண்டறிந்த, செம்பு அணுக்களைக் கொண்ட இந்நொதி, காற்றிலுள்ள ஆக்சிஜனைக் கொண்டு லிக்னினை வினைத்திறன் மிக்கதாக்கி, அருகருகேயுள்ள மூலக்கூறுகளை ஒன்றோடொன்று இணைக்கிறது. லிக்னின் என்பது மரத்தில் இழைகளைச் சேர்த்துப் பிடிக்கும் பொருள். அது மிகுதியாக எஞ்சியிருக்கும் பழுப்பு நிறக் கூழிலிருந்தே அட்டைப்பெட்டித் தாள் செய்யப்படுகிறது. ஹைட்ரஜன் பிணைப்பு நீர் பட்டதும் விட்டுவிடும்; லாக்கேஸ் உண்டாக்கும் பிணைப்பு நீருக்கு அசையாது என்பதால், ஈரத்திலும் தாங்கும் தாளுக்கு இது ஏற்றதெனக் கருதப்படுகிறது. இன்று அத்தேவைக்குச் சேர்க்கப்படும் செயற்கைப் பிசின்கள், பழைய தாளை மீண்டும் கூழாக்குவதைக் கடினமாக்குகின்றன. ஆயினும் லாக்கேஸ் பருத்த மூலக்கூறாகையால் இழைச்சுவரின் நுண்துளைகளுக்குள் புக இயலாமல், சிறு மூலக்கூறுகளைத் தூதாக அனுப்ப வேண்டியிருக்கிறது. அவற்றின் விலையே இம்முறை ஆலைகளில் பரவுவதற்குப் பெருந்தடையாக நிற்கிறது.