சாவி வீட்டில், கார் எங்கே?

திருவண்ணாமலையில் பௌர்ணமி வந்துவிட்டால் இரவும் பகலாகிவிடும். 14 கிலோமீட்டர் நீளமுள்ள கிரிவலப் பாதையில் மக்கள் வெள்ளமென நகர்வர். வெளியூர் வாகனங்கள் ஊரின் ஓரங்களில் வரிசை வரிசையாக நிற்கும். கார்த்திகை தீப நாளிலோ சொல்லவே வேண்டாம். அந்தச் சந்தடிக்கிடையே இவ்வூரில் வாழும் நாமும் நம் காரை வாசலில் நிறுத்திவிட்டு இஷாத் தொழுகைக்குப் புறப்படுகிறோம். நெருக்கமான தெருக்களில் காருக்கெனக் கொட்டகை உள்ள வீடுகள் குறைவு. கார் சுவருக்கு அப்பால் நிற்கிறது. அதன் சாவி சுவருக்கு இப்பால் ஆணியில் தொங்குகிறது. இடையே பத்தடி தூரம் இருந்தால் அதிகம்.

வாசக நேயர்களே! அந்தப் பத்தடியில்தான் ஆபத்து ஒளிந்திருக்கிறது.

சாவியைத் துளையிலிட்டுத் திருகும் வழக்கம் மறைந்து வருகிறது. சாவி சட்டைப் பையில் இருந்தால் போதும்; கைப்பிடியைத் தொட்டதும் கதவு திறக்கிறது, பொத்தானை அழுத்தியதும் என்ஜின் இயங்குகிறது. 1990களின் இறுதியில் மெர்சிடிஸ் பென்ஸ் போன்ற விலையுயர்ந்த கார்களில் தோன்றிய இவ்வசதி, இன்று நடுத்தரக் குடும்பத்தார் வாங்கும் கார்களிலும் வந்துவிட்டது.

கார் ஏமாறுவது எப்படி?

கைப்பிடியைத் தொட்டதும், ஓரிரு மீட்டர் மட்டுமே எட்டக்கூடிய மெல்லிய வானொலி அலையால் கார் தன் சாவியை அழைக்கிறது. அருகிலுள்ள சாவி இரகசிய எண்ணால் விடை பகர்கிறது. அவ்விடை ஒவ்வொரு முறையும் மாறுவதால், அதைப் பதிந்து வைத்துப் பிறகு ஒலிபரப்புவதில் பயனில்லை. ஆனால் திருடர் இருவர் சேர்ந்து வந்தால் நிலைமை வேறு. ஒருவன் காரருகே நிற்கிறான். மற்றவன் கையில் ஒரு கருவியுடன் வீட்டுச் சுவரோரம் நிற்கிறான். காரின் அழைப்பை அக்கருவிகள் ஏந்திச் சென்று உள்ளே தொங்கும் சாவியிடம் சேர்க்கின்றன. சாவியும் எசமானர் அழைத்ததாக எண்ணி விடையளிக்கிறது. பூட்டு உடையவில்லை; இரகசிய எண்ணும் வெளிப்படவில்லை. தூரம் மட்டுமே பொய்யாக்கப்பட்டது. குரலை நம்பி, முகம் பாராமல் கதவைத் திறந்துவிடும் வீட்டாரைப் போலவே கார் ஏமாறுகிறது.

இது வெறும் கற்பனையன்று. 2011ஆம் ஆண்டில் சுவிட்சர்லாந்தின் சூரிக் நகர ஆய்வாளர்கள் 8 நிறுவனங்களின் 10 கார்களை இம்முறையில் சோதித்து, அனைத்தையும் திறந்து காட்டினர். 2017இல் இங்கிலாந்தின் சோலிஹல் பகுதியில் இவ்வாறே ஒரு கார் களவாடப்பட்ட காட்சியைக் காவல்துறையினரே வெளியிட்டனர்.

மற்றொரு முறையும் உண்டு. கண்ணாடியை உடைத்து உள்ளே நுழைந்து, மெக்கானிக்குகள் பழுது பார்க்கப் பயன்படுத்தும் இணைப்பில் கருவியைப் பொருத்திப் புதுச் சாவியைப் பதிவு செய்துவிடுவர். நம் நாட்டுப் பெருநகரங்களில் காவல்துறையிடம் பிடிபட்ட கும்பல்கள் சிலவற்றிடமிருந்து இத்தகைய கருவிகள் கைப்பற்றப்பட்டுள்ளன.

ஒட்டகத்தைக் கட்டுவோம்

ஒட்டகத்தைக் கட்டாமல் விட்டு அல்லாஹ்வின் மீது பொறுப்புச் சாட்டலாமா எனக் கேட்டவரிடம், முதலில் அதைக் கட்டிவிட்டுப் பின்னர் அவன் மீது நம்பிக்கை வைக்குமாறு நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் அறிவுறுத்திய செய்தி திர்மிதீயில் காணப்படுகிறது. நம் காலத்து ஒட்டகத்தைக் கட்டும் கயிறுகள் எவை?

முதலாவதாக, சாவியை வாசலோரம் தொங்கவிடாதீர்கள். இறுக மூடும் உலோக டப்பாவிலோ, இதற்கெனவே விற்கப்படும் உறையிலோ வைத்து, வீட்டின் உட்பகுதியில் வையுங்கள். எல்லா டப்பாவும் அலையைத் தடுக்காது. ஆகவே சோதித்துப் பாருங்கள். சாவியை உள்ளே வைத்து மூடி, டப்பாவுடன் காரருகே சென்று கைப்பிடியைத் தொடுங்கள். கதவு திறந்தால் அந்த டப்பா பயனற்றது. பீரோவில் உறங்கும் இரண்டாவது சாவியையும் மறந்துவிடாதீர்கள், அதுவும் விடையளிக்கும்.

இரண்டாவதாக, ஸ்டீயரிங் பூட்டு, கியர் பூட்டு ஆகிய பழைய இரும்புப் பூட்டுகளை இகழாதீர்கள். வானொலி அலையால் இரும்பை அறுக்க இயலாது.

மூன்றாவதாக, திருவிழாக் கூட்டத்திலோ திருமண மண்டபத்திலோ ரிமோட்டை அழுத்திவிட்டுத் திரும்பிப் பாராமல் நடக்காதீர்கள். அருகில் மறைந்திருப்பவன் தன் கருவியால் அலையைக் குழப்பினால் கார் பூட்டாமலே நிற்கும். விளக்கு மின்னியதா எனப் பார்த்து, கதவை ஒருமுறை கையால் இழுத்துப் பாருங்கள்.

நான்காவதாக, சில கார்களில் தொட்டதும் திறக்கும் வசதியை நிறுத்தி வைக்கலாம். சர்வீஸ் நிலையத்தில் விசாரியுங்கள். பழைய கார் வாங்குவோர், அதில் எத்தனை சாவிகள் பதிவாகியுள்ளன எனப் பார்த்து, தம்மிடம் இல்லாதவற்றை நீக்கச் சொல்வது நலம். புதுக் கார் வாங்குவோர், அலை சென்று திரும்பும் நேரத்தை அளந்து உண்மையான தூரத்தைக் கண்டறியும் சாவியோ, அசையாதிருந்தால் உறங்கிவிடும் சாவியோ உண்டா எனக் கேளுங்கள்.

இழந்தபின் வருந்துவதா?

தேர்ட் பார்ட்டி காப்பீடு மட்டும் வைத்திருப்போருக்குத் திருட்டுக்கென இழப்பீடு கிடையாது. முழுக் காப்பீடு உடையோரிடமும் நிறுவனத்தார் முதல் தகவல் அறிக்கையோடு இரண்டு அசல் சாவிகளையும் கேட்பது வழக்கம். ஒன்று தொலைந்திருந்தால் அலைச்சல்தான். எனவே சாவி தொலைந்த அன்றே காவல் நிலையத்தில் எழுதிக் கொடுங்கள். கார் களவு போனால் ஒருநாளும் தாமதிக்காதீர்கள்.

நம் இல்லங்கள் பலவற்றில் கார் என்பது வெறும் வாகனமன்று. பாலைவன வெயிலில் பிள்ளை சிந்திய வியர்வை அது. அத்தாவை மருத்துவமனைக்கு அழைத்துச் செல்ல அவன் அனுப்பிய பணம் அது. நண்பரின் நிக்காஹ் வைபவத்திற்கென இரவல் வாங்கிய காராயின் அது அமானிதம். அதைக் காப்பது இரட்டைக் கடமை.

இன்றிரவு இஷா முடித்து வீடு திரும்பியதும், அன்பர்களே, அந்த ஆணியை ஒருமுறை பாருங்கள். சாவியை அங்கிருந்து எடுத்து உரிய இடத்தில் வைத்துவிட்டு, பிஸ்மில்லாஹ் கூறிக் கதவைத் தாழிடுங்கள். வல்ல நாயன் நம் உடைமைகளையும் உள்ளங்களையும் காத்தருள்வானாக! ஆமீன்.