வகுப்பறைக்கேற்ற செயலி

போடிநாயக்கனூரில் ஏலக்காய் கொள்வோர், காயைக் கையிற் பரப்பி, நிறமும் பருமனும் கண்ட பின்னரே விலை பேசுவர். கல்விக்கென வந்து குவியும் கைப்பேசிச் செயலிகளையோ நாம் விளம்பரத்தைக் கண்ட மாத்திரத்தில் ஏற்றுக்கொள்ளுகிறோம். நம் கல்லூரியினின்று ஆசிரியப் பணிக்குச் செல்லும் அன்பர்கள் இதனைச் சற்றே சிந்திப்பாராக.

மலைச்சரிவிலுள்ள பள்ளிக்கு முதற் சோதனை, இணையத் தொடர்பு அற்றபொழுதும் அச்செயலி உதவுமா என்பதே. 2017-ஆம் ஆண்டில் மத்திய அரசினர் தொடங்கிய தீக்ஷா இதில் தேறும். தமிழ்நாட்டின் பாடநூல்களில் அச்சிட்டுள்ள கியூ.ஆர். குறியீட்டின் வழியே உரிய பாடத்தைப் போடியிலேயே இறக்கிக்கொண்டு, குரங்கணிக்கோ போடிமெட்டுக்கோ ஏறிய பின் தொடர்பின்றிக் காட்டலாம்.

அடுத்தது, மாணாக்கன் வெறுமனே பார்த்திருக்கிறானா, தானே ஏதேனும் செய்கிறானா என்பது. ஆஸ்திரியா தேசத்து மார்க்கஸ் ஹோஹென்வார்ட்டர் 2001-இல் தொடங்கிய ஜியோஜீப்ராவில் முக்கோணமொன்றின் முனையை இழுத்தால், கோணங்கள் மூன்றும் மாறும். அவற்றின் கூட்டுத்தொகையோ 180 பாகையிலேயே நிற்கும். பையன் நம்பாமல் மறுபடியும் இழுப்பான். காரணம் வினவுதற்கு உபாத்தியாயருக்கு அதனினும் நல்ல தருணம் வாய்ப்பதரிது. வர்ணப் படங்கள் ஓடும் செயலிகள் பல இவ்விடத்தை எட்டுவதேயில்லை.

இன்னொன்று நம்மவர் மறப்பது. ஏலத்தோட்டத் தொழிலாளர் வீட்டில் ஒரே கைப்பேசி இருப்பின், அது விடியலிலேயே பெற்றோருடன் தோட்டத்துக்குப் போய்விடும். அக்குழந்தைக்குச் செயலியில் வீட்டுப்பாடம் இடுதல் தண்டனையன்றி வேறென்ன? செயலி வேலையை வகுப்பிலே, உபாத்தியாயர் கருவியிலேயே முடித்து, வீட்டுக்கு நோட்டுப்புத்தகத்தை அனுப்புக.